பள்ளியில் தண்ணீர்க் கணக்கு: 9, 11-ஆம் வகுப்புப் பிள்ளைகளிடம் எந்த வேலையைக் கொடுக்கலாம்? (சென்னை)

கயல் டீச்சர் (கேள்வி)

வணக்கம். சென்னை கீழ்ப்பாக்கம் பக்கம் ஓர் அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளி. 640 பிள்ளைகள். சுற்றுச்சூழல் மன்றத்தில் 40 பேர், 9-ஆம் வகுப்பில் பாதி, 11-ஆம் வகுப்பில் பாதி. ஒவ்வொரு மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்துக்கும் சுவரொட்டி, பேச்சுப்போட்டி, ஊர்வலம் எல்லாம் நடக்கிறது. மறுநாளும் கைகழுவும் இடத்தில் அதே குழாய் அப்படியேதான் சொட்டுகிறது. இந்த வருடம் பிள்ளைகள் கையில் உண்மையான வேலையைக் கொடுக்க ஆசை.

பள்ளியின் நிலவரம்: மெட்ரோ வாட்டர் (சென்னைக் குடிநீர் வாரியத் தண்ணீர்) வந்து விழும் சம்ப், அதாவது தரைக்கடித் தொட்டி, உள்ளளவு 3 மீட்டருக்கு 2 மீட்டர். மூன்று மாடிக் கட்டடம், மொட்டைமாடியில் 1000 லிட்டர் பிளாஸ்டிக் டேங்க் மூன்று. இரண்டு சம்பிலிருந்து நிரம்பும், மூன்றாவது பழைய திறந்த கிணற்றிலிருந்து, அது கழிவறைக்கும் செடிகளுக்கும். எங்கேயும் மீட்டர் கிடையாது. கூரை சுமார் 30 மீட்டருக்கு 12 மீட்டர். 2003-இல் போட்ட மழைநீர்க் குழி ஒன்று இருக்கிறது, மழை பெய்தால் அதைச் சுற்றிக் குளமாகத் தேங்கும். வாரம் இரண்டு பாடவேளை, சில சனிக்கிழமைகள், கையில் 8,000 ரூபாய். எதிலிருந்து தொடங்கலாம்?

---

அளவுகோல்

டீச்சர், முதல் நான்கு வாரம் எதையும் "சேமிக்க" வேண்டாம். அளக்கட்டும். எவ்வளவு செலவாகிறது என்று தெரியாமல் தொடங்கினால் பிப்ரவரியில் எவ்வளவு குறைந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, பிள்ளைகளுக்கும் ஆர்வம் போய்விடும்.

மீட்டர் இல்லை என்பது தடையே இல்லை. உங்கள் சம்ப்தான் மீட்டர். 3 × 2 என்றால் தரைப்பரப்பு 6 சதுர மீட்டர். தண்ணீர் 1 செ.மீ. இறங்கினால் 60 லிட்டர் போயிருக்கிறது. 9-ஆம் வகுப்புக் கணக்குதான்.

அடுத்தது மோட்டார். டேங்க் காலியாக இருக்கும் நேரம் பார்த்து, மெட்ரோ தண்ணீர் உள்ளே வரும் வால்வை மூடிவிட்டு, சரியாகப் பத்து நிமிடம் மோட்டார் ஓட்டுங்கள். அளவுக்கோலைச் சம்புக்குள் விட்டு முன்னும் பின்னும் மட்டம் பாருங்கள். 12.5 செ.மீ. இறங்கினால் 750 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 75 லிட்டர். அதற்குப் பிறகு மோட்டார் எத்தனை மணிக்குப் போட்டார்கள், எத்தனை மணிக்கு நிறுத்தினார்கள் என்று சுவிட்சுக்குப் பக்கத்தில் நோட்டில் எழுதினாலே தினசரிச் செலவு வந்துவிடும். இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, உள்வரும் வால்வை மூட மறப்பது. ஒரு பக்கம் தண்ணீர் வந்துகொண்டே இருந்தால் மோட்டாரின் வேகம் குறைவாகத் தெரியும், அதன் மேல் போடும் கணக்கு எல்லாமே தப்பாகும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதை மறுபடி அளக்க வேண்டும், ஃபுட் வால்வில் (உறிஞ்சும் குழாயின் அடிநுனி வால்வு) குப்பை அடைத்தால் வேகம் குறையும்.

பிள்ளைகளைப் பிடித்து இழுக்கும் சோதனை வார இறுதிக் கசிவுச் சோதனை. வெள்ளி மாலை 6 மணிக்கு டேங்குகளை நிரப்பி, மோட்டார் சுவிட்சைப் பூட்டிவிடுங்கள். திங்கள் காலை 6 மணிக்கு மட்டம் பாருங்கள். 60 மணி நேரம் பள்ளியில் ஆளே இல்லை. குறைந்தது அத்தனையும் கசிவு. டேங்கின் சுற்றளவை டேப்பால் அளந்தால் பரப்பு கிடைக்கும்: சுற்றளவு 345 செ.மீ. என்றால் அதை அதனாலேயே பெருக்கி 12.57-ஆல் வகுங்கள், சுமார் 9,470 சதுர செ.மீ. ஆக 1 செ.மீ. என்பது 9.5 லிட்டர். 30 செ.மீ. இறங்கியிருந்தால் 285 லிட்டர், ஒரு நாளைக்கு 114 லிட்டர். உங்களுக்கு மூன்று டேங்க் இருப்பது வசதி, எந்த டேங்க் இறங்கியதோ அதன் லைனில் மட்டும் தேடினால் போதும். எந்தக் குழாயும் சொட்டாமலே மட்டம் இறங்கினால் சுவருக்குள்ளோ தரைக்கடியிலோ கசிகிறது. அது பிளம்பர் வேலை.

ஒப்பிட ஓர் அளவு வேண்டுமே: இந்தியத் தரக் குறியீட்டில் பகல்நேரப் பள்ளிக்குத் தலைக்கு ஒரு நாளைக்கு 45 லிட்டர். 640 பேருக்கு 28,800. அது கட்டடம் கட்டும்போது குழாயும் டேங்கும் திட்டமிடும் கணக்கு, அத்தனை செலவாக வேண்டும் என்று இல்லை. உங்கள் ஜூலை எண்ணோடு உங்கள் ஜனவரி எண்ணை ஒப்பிடுவதுதான் நியாயம்.

பாதுகாப்பு பற்றி ஒன்றே ஒன்று, அதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். சம்புக்குள்ளோ கிணற்றுக்குள்ளோ எந்தப் பிள்ளையும் இறங்கக் கூடாது, ஒரு நிமிடம்கூட. மூடிக் கிடக்கும் தொட்டியில் காற்றில்லாமல் மயங்கி விழுவார்கள், காப்பாற்ற இறங்குபவரும் விழுவார். டேங்க் ஏணியில் ஏறுவது பெரியவர் ஒருவர். எண்ணை அவர் கூவ, பிள்ளைகள் கீழே நின்று எழுதட்டும்.

---

குழாய்வேலை

அளவுகோல் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். ஆனால் நான்கு வாரம் சொட்டும் குழாயைப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்லாதீர்கள். இரண்டாவது வாரமே ஒரு குழாயையாவது சரி செய்யட்டும். கையால் செய்தால்தான் மனதில் நிற்கும்.

சொட்டுகிற குழாய்க்கு அடியில் ஆய்வுக்கூட அளவுசாடியை ஒரு நிமிடம் பிடியுங்கள். எத்தனை மி.லி. விழுகிறதோ அதை 1.44-ஆல் பெருக்கினால் ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் என்று கிடைக்கும். 10 மி.லி. என்றால் 14.4 லிட்டர். அந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் குழாயிலேயே கட்டித் தொங்கவிடுங்கள். தலைமையாசிரியர் கண்ணில் படும், வேலை வேகமாக நடக்கும்.

வாஷர் மாற்றுவது 11-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தாராளமாக வரும். அந்த லைனின் கேட் வால்வை (தண்ணீரை நிறுத்தும் திருகு வால்வு) மூடு, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடி, தலைப்பகுதியில் துணி சுற்றி ஸ்பேனரால் கழற்று, பழைய ரப்பர் வாஷரை எடுத்துக் கடைக்குக் கொண்டுபோய் அதே அளவில் வாங்கு. அரை அங்குலக் குழாய் என்று வாயால் சொல்லி வாங்கினால் பாதி நேரம் பொருந்தாது. புது வாஷர் போட்டும் ஒரு வாரத்தில் சொட்டினால், வாஷர் உட்காரும் பித்தளை விளிம்பு உப்பில் அரித்துப் போயிருக்கும். அதில் எத்தனை வாஷர் போட்டாலும் நிற்காது, குழாயையே மாற்றுங்கள். கால்வாசி திருப்பினாலே திறக்கும் புது மாடல் குழாயில் வாஷரே இருக்காது, உள்ளே செராமிக் தட்டு. அந்தத் தட்டு உள்ள கார்ட்ரிட்ஜைத்தான் மாற்ற வேண்டும்.

இன்னொரு சங்கதி: பழைய கேட் வால்வு முழுசாக மூடாது. மூடியும் தண்ணீர் வந்தால் அதை வலுக்கட்டாயமாகத் திருக வேண்டாம், தண்டு முறிந்தால் பள்ளி முழுக்கத் தண்ணீர் நின்றுவிடும். அங்கே ஒரு பால் வால்வு (ball valve, உள்ளே உருண்டை உள்ள வால்வு) போடச் சொல்லுங்கள், உங்கள் 8,000-இல் முதல் செலவு அதுவாக இருக்கட்டும்.

ஏரேட்டர் (குழாய் வாயில் பொருத்தி, காற்றைக் கலந்து தண்ணீரைக் குறைக்கும் சல்லடை) வாங்கச் சொல்லிப் பலர் வருவார்கள். எல்லாக் குழாய்க்கும் ஒரே மாதிரி வாங்காதீர்கள். 10 மீட்டர் உயரத்துத் தண்ணீர் இருந்தால்தான் 1 பார் அழுத்தம். உங்கள் தரைத்தளக் குழாய்க்கு ஏறக்குறைய அது கிடைக்கும். மேல்மாடிக் குழாய்க்கும் டேங்குக்கும் 3 மீட்டர்தான் இடைவெளி, 0.3 பார். அங்கே ஏரேட்டர் போட்டால் நூலாக வடியும், பிள்ளைகள் இரண்டே நாளில் கழற்றி எறிவார்கள். இயற்பியல் ஆசிரியரிடம் சொன்னால் இதையே ஒரு பாடமாக்கலாம். கிணற்றுத் தண்ணீர் லைனிலும் வேண்டாம், உப்பு படிந்து சல்லடை அடைக்கும். போட்டே ஆக வேண்டும் என்றால் மாதம் ஒருமுறை கழற்றி எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ ஒரு மணி நேரம் ஊறவைக்கும் பொறுப்பு யாருக்காவது இருக்க வேண்டும்.

ஆசிரியர் அறைக் கழிவறையில் ஃப்ளஷ் டேங்க் இருந்தால் அதில் கொஞ்சம் கேசரி பவுடர் கலந்துவிட்டு 15 நிமிடம் தொடாமல் இருங்கள். கோப்பையில் நிறம் இறங்கினால் உள்ளே ரப்பர் கசிகிறது. சத்தமே இல்லாமல் போகும் தண்ணீர் இது.

---

மழைமானி

மழைநீர்க் குழி விஷயத்துக்கு வருகிறேன். ஜூலை என்பதால் நேரம் சரியாக இருக்கிறது, வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் மூன்று மாதம். சென்னையில் ஆண்டுக்குச் சராசரி 1,400 மி.மீ., அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டிவிடும்.

பிள்ளைகள் மறக்கக் கூடாத சூத்திரம்: 1 சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர். உங்கள் கூரை 360 சதுர மீட்டர். நனைவது, ஆவியாவது, சிதறுவது போக 85 சதவீதம் கைக்கு வரும் என்று வைத்தால் ஆண்டுக்கு 4,28,400 லிட்டர். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு முதல் தண்ணீர் ரயில் வந்ததே, 50 வேகனில் 25 லட்சம் லிட்டர். உங்கள் கூரை மாதிரி ஆறு கூரையில் ஒரு வருடம் விழும் மழை அது. இந்தக் கணக்கைப் பிள்ளைகளே கரும்பலகையில் போட்டுப் பார்க்கட்டும்.

இனி, 2003 குழி ஏன் குளமாகிறது? அந்த ஆண்டு எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம் என்றதும் அவசரத்தில் போட்டவை நிறைய. வழக்கமாக 1 மீட்டருக்கு 1 மீட்டர், 1 மீட்டர் ஆழம், ஜல்லி நிரப்பியது. ஜல்லி போட்டால் உள்ளே வெற்றிடம் 35 முதல் 40 சதவீதம்தான், அதாவது 400 லிட்டருக்குள். ஒரு மணி நேரத்தில் 50 மி.மீ. பெய்தால் உங்கள் கூரையிலிருந்து நிமிடத்துக்கு 255 லிட்டர் வரும். இரண்டு நிமிடம்கூடத் தாங்காது. போதாததற்கு இருபது வருட மண்ணும் இலையும் ஜல்லிக்கு நடுவே சேறாக இறுகியிருக்கும். பிள்ளைகள் குற்றம் சொல்ல வேண்டியது மழையை இல்லை, அந்த அளவை.

கீழ்ப்பாக்கம் களிமண். பெசன்ட் நகர், திருவான்மியூர் மணலில் வேலை செய்யும் ஆழமில்லாத குழி உங்களுக்கு வேலை செய்யாது. நம்பாவிட்டால் சோதித்துப் பாருங்கள்: ஓர் அடி நீளம், அகலம், ஆழத்தில் குழி. தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, மறுபடி நிரப்பி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மட்டம் குறியுங்கள். மணலில் கண் முன்னே இறங்கும். களியில் ஒரு மணி நேரத்துக்கு 1 செ.மீ. இறங்கினாலே பெரிது.

ஆனால் உங்களிடம் திறந்த கிணறு இருக்கிறது, அதுதான் சொத்து. கூரைத் தண்ணீரை 4 அங்குல பி.வி.சி. குழாயில் ஒரு வடிகட்டித் தொட்டி வழியாகக் கிணற்றுக்கே விடுங்கள். அடியில் 40 மி.மீ. ஜல்லி, மேலே 20 மி.மீ. ஜல்லி, நடுவிலும் மேலும் நைலான் வலை. மணல் அடுக்கு வேண்டாம் என்பது என் கருத்து. கனமழையில் மணல் அடைத்துக்கொண்டு தண்ணீர் பின்வாங்கி மொட்டைமாடியில் நிற்கும். அதைவிட மாடியைச் சுத்தமாக வைப்பது எளிது. குழாய் கிணற்றுச் சுவரில் மோதாமல் உள்ளே நீட்டி, கீழ்நோக்கி ஒரு எல்போ (வளைவு இணைப்பு) போட வேண்டும், இல்லையென்றால் சுவரின் மண் கரையும். வடிகட்டிக்கு முன்னால் T வடிவ இணைப்பு ஒன்று போட்டு அதற்கு அடைப்பு மூடி. முதல் மழையின் 1, 2 மி.மீ. இதன் வழியாக வெளியே போகட்டும், உங்கள் கூரைக்கு அது 360 முதல் 720 லிட்டர். மூடியைத் திறந்து வைத்துவிட்டு மறுபடி மூட மறப்பதுதான் எல்லா இடத்திலும் நடப்பது. சீசன் முழுக்கத் தண்ணீர் சாக்கடைக்குப் போயிருக்கும். இதை மாணவர் இருவர் பெயரில் ஒப்படையுங்கள்.

தரையில் ஓடும் தண்ணீரைக் கிணற்றுக்குள் விடவே கூடாது. ஓடிக்கொண்டிருக்கும் போர்வெல்லுக்குள் நேராக விடச் சொல்லுபவர் பேச்சையும் கேட்காதீர்கள், வண்டல் போய் அடைத்தால் போர் பாழ்.

மாணவர் வேலை இப்படிப் பிரியும். குழாய் பதிப்பது கொத்தனாரும் பிளம்பரும். எந்தக் குழாய் எங்கே போய் முடிகிறது என்று வரைபடம் போடுவது பிள்ளைகள். ஒவ்வொரு இறக்குக்குழாயிலும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி மறுமுனையில் ஆள் நிறுத்திப் பாருங்கள், ஒன்றிரண்டு தெரு வடிகாலுக்குப் போவது தெரியவரும். கைப்பிடிச் சுவர் இல்லாத மாடி என்றால் இதையும் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும்.

பிறகு இரண்டு அளவீடு. 10 செ.மீ. வாயுள்ள புனலை ஒரு பாட்டிலில் பொருத்தி, மரமும் கட்டடமும் மறைக்காத இடத்தில் வையுங்கள். வானிலைத் துறையைப் போலவே தினமும் காலை 8.30-க்கு அளவுசாடியில் ஊற்றி, மி.லி. அளவை 7.85-ஆல் வகுத்தால் மழை மி.மீ.-இல் கிடைக்கும். பாட்டிலில் ஸ்கேல் ஒட்டி நேராகப் படிப்பார்கள். புனலும் பாட்டிலும் ஒரே அகலம் இல்லாததால் அது தப்பு. இரண்டாவது, கிணற்று மட்டம்: துணி டேப்பின் நுனியில் எடை கட்டி, சுவரில் பெயின்ட் அடித்த ஒரே புள்ளியிலிருந்து, வாரம் ஒரு நாள், மோட்டார் போடும் முன். கிணற்றுக்கு இரும்புக் கம்பிவலை போட்ட பிறகே இது. வலைக்கு மேல் கொசுவலையும் கட்டுங்கள், மலேரியாக் கொசு கிணற்றில் முட்டையிடும்.

---

கயல் டீச்சர்

மிக்க நன்றி. நாளையே சம்பை அளக்கிறோம். இரண்டு சந்தேகம். வீடுகளுக்கு இதை எப்படிக் கொண்டுபோவது? போன வருடம் "உங்கள் வீட்டில் எத்தனை லிட்டர்" என்று படிவம் கொடுத்தோம், எல்லோரும் 100 என்று எழுதிவந்தார்கள். அடுத்தது, அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு எல்லாம் நின்றுபோகிறதே?

---

அறிவியல்கூடம்

அந்தப் படிவத்தைக் கைவிடுங்கள், டீச்சர். வீட்டில் எத்தனை லிட்டர் என்று யாருக்குமே தெரியாது, அதனால் வாத்தியாருக்குப் பிடிக்கும் எண்ணை எழுதுகிறார்கள். அதைவிட முக்கியம் ஒன்று. உங்கள் வகுப்பில் லாரித் தண்ணீரையும் அடிபம்புத் தண்ணீரையும் குடத்தில் தூக்கும் பிள்ளைகள் கட்டாயம் இருப்பார்கள். ஒரு நாளைக்கு நான்கு குடத்தில் வீடு நடத்துகிறவர்களிடம் சிக்கனம் பற்றிப் பாடம் எடுப்பது சரியில்லை. வீட்டு வேலையை விருப்பமாக வையுங்கள், யார் வீட்டு எண்ணையும் வகுப்பில் படிக்க வேண்டாம். குடத்துக்கு எத்தனை லிட்டர், வரிசையில் எத்தனை நிமிடம் என்று அந்தப் பிள்ளைகள் பதிவு செய்தால் அதுவும் முழு மதிப்புள்ள ஆய்வு.

மோட்டார் உள்ள வீடுகளில் பெரிய இழப்பு டேங்க் வழிவது. நிமிடத்துக்கு 40 லிட்டர் ஏற்றும் மோட்டாரைப் பத்து நிமிடம் மறந்தால் 400 லிட்டர். 11-ஆம் வகுப்பு அறிவியல் பிரிவு இதற்கு அலாரம் செய்யலாம்: பி.சி. 547 டிரான்சிஸ்டர் ஒன்று, 9 வோல்ட் பேட்டரி, பஸ்ஸர், 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், இரண்டு கம்பி. கம்பி இரண்டையும் தண்ணீர் தொட்டால் பஸ்ஸர் கத்தும். கண்காட்சியில் அருமையாக வேலை செய்யும், வீட்டில் சில வாரத்தில் நின்றுவிடும். நேர்மின்சாரம் பாய்வதால் செம்புக் கம்பி அரித்துப் பச்சை பூக்கும். கம்பி நுனிக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகாணி போடுங்கள், இல்லையென்றால் காந்த மிதவை சுவிட்ச் வாங்குங்கள், அதில் மின்சாரம் தண்ணீரைத் தொடாது. மோட்டாரைத் தானாக நிறுத்தும் அளவுக்குப் போக வேண்டாம், 230 வோல்ட் பக்கம் பிள்ளைகள் கையே போகக் கூடாது.

ஆர்.ஓ. உள்ள வீடுகளில் 1 லிட்டர் நல்ல தண்ணீருக்கு 2, 3 லிட்டர் வெளியே போகும். அதைச் செடிக்கு ஊற்று என்று எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். முதலில் டி.டி.எஸ். பேனாவால் (தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் சிறு கருவி) அளக்கட்டும். உள்ளே போவது லிட்டருக்கு 1,500 மி.கி. என்றால், கால்பங்கு நல்ல தண்ணீராகப் பிரிந்த பிறகு வெளியே வருவது 2,000-ஐ ஒட்டி இருக்கும். தொட்டிச் செடியில் மாதக்கணக்காக ஊற்றினால் மண் உப்பேறி இலை நுனி கருகும். தரை துடைக்க, கழிவறைக்கு, பாத்திரத்தை முதல் அலசு அலச, அங்கே பயன்படுத்தலாம். டி.டி.எஸ். குறைவு என்றால் குடிக்க நல்லது என்று பிள்ளைகள் முடிவு கட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பேனாவுக்கு உப்புதான் தெரியும், கிருமி தெரியாது.

---

அளவுகோல்

இரண்டாவது சந்தேகத்துக்கு. குழாய்வேலை 11-ஆம் வகுப்பைச் சொன்னார், பழுது பார்க்க அது சரி. பதிவேட்டுக்கு 9-தான் நல்லது, ஆனால் அவர்கள் அடுத்த வருடம் 10-க்குப் போய்விடுவார்கள். அதனால் ஒவ்வொரு 9-க்கும் ஒரு 8-ஐ ஜோடி போடுங்கள், ஜனவரியிலிருந்து 8 எழுதட்டும், 9 சரிபார்க்கட்டும். வாரத்துக்கு நான்கே எண் போதும்: மோட்டார் ஓடிய நிமிடம், வார இறுதிக் கசிவு, கிணற்று மட்டம், மழை. பதினைந்து கட்டம் உள்ள பதிவேடு மூன்றாவது வாரமே நின்றுவிடும். நான்கையும் நோட்டீஸ் போர்டில் ஒரே கிராஃப் தாளில், வெவ்வேறு நிறத்தில் ஏற்றுங்கள். நவம்பரில் மழைக் கோடு ஏறிச் சில நாள் கழித்துக் கிணற்று மட்டம் ஏறுவதைப் பார்த்தால் யாரும் சொல்லாமலே அடுத்த வாரமும் டேப்பை எடுத்துக்கொண்டு போவார்கள். ஏறாவிட்டால் வடிகட்டியைத் திறந்து பாருங்கள், மூடி திறந்தே கிடக்கிறதா என்றும் பாருங்கள்.

துப்புரவு வேலை செய்யும் அக்காக்களையும் காவலாளி அண்ணனையும் முதல் கூட்டத்துக்கே அழையுங்கள். எந்தக் குழாய் எத்தனை நாளாக ஒழுகுகிறது, எந்த நேரம் டேங்க் வழிகிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். மோட்டார் நோட்டை எழுதப்போவதும் அவர்கள்தான். பிள்ளைகள் கையில் பதிவேடு வந்ததும் அவர்கள் எத்தனை வாளி ஊற்றிக் கழுவுகிறார்கள் என்று எண்ணப் போவார்கள். அதை முதல் நாளே தடுத்துவிடுங்கள். கழிவறை கழுவும் தண்ணீரில் கை வைக்க வேண்டாம். அந்தக் கணக்கே பதிவேட்டில் வேண்டாம்.

செலவு வரிசை என்று கேட்டால்: பால் வால்வு, வாஷரும் கார்ட்ரிட்ஜும், துணி டேப், புனல், டி.டி.எஸ். பேனா ஒன்று. 8,000-இல் இது அடங்கும். கிணற்று வடிகட்டியும் குழாயும் கம்பிவலையும் அடங்காது. ஆகஸ்ட் மாத இறுதியில் கசிவு எண்ணையும் 4,28,400 லிட்டர் கணக்கையும் ஒரே தாளில் எழுதிப் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் பழைய மாணவர்களிடமும் பிள்ளைகளையே கொண்டுபோய்க் கேட்கச் சொல்லுங்கள். செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு வந்துவிடும், அதற்கு முன்னால் கொத்தனார் வேலை முடிந்தால்தான் இந்த வருட மழை கிணற்றுக்குள் போகும்.